மண் அவருடையதாக இருக்கலாம், வழி உங்களுடையது

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம். அதன் சாரம் இது:

"2016இல் ஒரு வரிசை வீடு வாங்கினோம். ஐந்து வீடுகள் ஒட்டி நிற்கின்றன, எங்களுடையது நடுவில். பின்வளவுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன நடைபாதை ஓடி, மூலை வீட்டின் பக்கத்தால் தெருவுக்குப் போகிறது. குப்பை பின், சைக்கிள், தோட்டக் கழிவு எல்லாம் அந்த வழியால்தான். மூலை வீட்டைப் போன வருடம் வாங்கியவர் எங்கள் ஊர்ப்பக்கத்து அண்ணை ஒருவர். ஏழு மாதத்துக்கு முன் தெருவோரம் கதவு வைத்து ஆமைப்பூட்டும் போட்டுவிட்டார். கேட்டால், 'இது என்ரை காணி, பேப்பரில இருக்கு. தேவையெண்டா மெசேஜ் போடுங்கோ, திறந்து விடுறன்' என்கிறார். சண்டை வேண்டாமென்று நானும் மெசேஜ் போட்டு, நன்றி சொல்லித்தான் குப்பை பின்னை வெளியே எடுக்கிறேன். இப்போது பாதையையும் சேர்த்துச் சமையலறையை நீட்டப் போகிறாராம். என் கணவர் பூட்டை வெட்டப் போகிறேன் என்கிறார். யாழ்ப்பாணத்திலிருக்கும் மாமா, 'பத்து வருஷம் பாவிச்சால் பாதை உங்கடை, பயப்பிடாதேங்கோ' என்கிறார். எங்கள் பின்வளவு அறையில் இருக்கும் இரண்டு பெடியன்களும் இரவு வேலை முடிந்து அந்த வழியால் வருகிறவர்கள், அவர்களுக்கும் கரைச்சல். கோயிலில் அந்தக் குடும்பத்தைக் கண்டால் முகம் பார்க்க முடியவில்லை. என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், பூட்டு வெட்டும் கருவி ஷெட்டிலேயே இருக்கட்டும். வழியுரிமை உள்ளவர் தடையைத் தானே அகற்றலாம் என்று ஒரு பழைய பரிகாரம் இந்த நாட்டுச் சட்டத்தில் உண்டு. அதை எங்கோ வாசித்துத்தான் அவருக்குத் துணிவு வந்திருக்கும். ஆனால் அது உரிமை உள்ளவருக்கு. உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் வெட்டினால், அடுத்தவர் பொருளைச் சேதப்படுத்தினார் என்ற முறைப்பாடு உங்கள் வாசலுக்கு வரும். உரிமை இருந்தாலும் கமராவுக்கு முன்னால் பூட்டு வெட்டியவரை நீதிபதி கனிவோடு பார்ப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொலிஸுக்குப் போன் செய்வதிலும் பயனில்லை. அநேகமாக 'இது சிவில் விஷயம்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அடுத்தது மாமா. அவர் சொன்னது பிழையில்லை, சொன்ன நாடுதான் பிழை. பத்து வருட ஆட்சி என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இருக்கும் சட்டத்தின் கணக்கு. இங்கிலாந்தில் ஒரு வழியைப் பாவனையால் மட்டும் உரிமையாக்கிக்கொள்ள 20 வருடம் வேண்டும். 2016இலிருந்து எண்ணினால் நீங்கள் பாதித் தூரம்தான் வந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், அந்த மிச்சப் பாதியை வேறு விதமாக நிரப்ப முடியும். அதற்குக் கீழே வருகிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க, அவர் 'என்ரை காணி' என்று சொன்ன சொல்லுக்கு நீங்கள் மிரண்டு போனது தெரிகிறது. அது உண்மையாகவே அவருடைய காணியாக இருக்கலாம். இருக்கட்டும். நம் ஊர்க் காணி உறுதிகளை வாசித்தவர்களுக்கு இது விளங்க அதிக நேரம் எடுக்காது. 'கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு' என்று எழுதியிருக்கும். கிணறு நிற்பது தம்பியின் வளவில், அள்ளுகிற உரிமை அக்காவுக்கும் உண்டு. கிணறு என் வளவுக்குள் நிற்கிறது என்று சொல்லி ஒருவரும் கப்பியைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. இங்கிலாந்துச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. மண் ஒருவருக்கு, அதன் மேல் நடக்கும் உரிமை இன்னொருவருக்கு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆகவே அண்ணையிடம் 'இது உங்கள் காணி இல்லை' என்று வாதாட வேண்டாம். அந்த வாதத்தில் நீங்கள் தோற்கக்கூடும். தோற்றாலும் வழி போகாது என்பதுதான் விஷயம்.

இந்தப் பாதைகள் எப்படி வந்தன என்று தெரிந்தால் பத்திரத்தில் எதைத் தேடுவது என்பதும் தெரியும். ஈஸ்ட் ஹாமின் வரிசை வீடுகளில் பெரும்பகுதி 1890க்கும் முதலாம் உலகப் போருக்கும் இடையில் கட்டியவை. ஒட்டிக் கட்டிய வீட்டில் நடு வீட்டுக்காரன் நிலக்கரியை உள்ளே கொண்டுவரவும் சாம்பலையும் கழிவையும் வெளியே அனுப்பவும் வரவேற்பறையைத் தவிர வேறு வழி இல்லை. அதற்காகத்தான் கட்டியவர்கள் பின்னால் ஒரு கீற்று விட்டார்கள். வடக்கே இந்தப் பின்சந்துகளுக்கு ஊருக்கொரு பெயர்: லீட்ஸில் ஜின்னல், லிவர்பூலில் என்ட்ரி, ஹல் நகரில் பத்தடி அகலத்தை வைத்தே டென்ஃபுட். தெற்கே சசெக்ஸில் ட்விட்டன். நம்மவர்கள் லண்டனில் ஒழுங்கை என்றே சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அதுதான் பிடிக்கும். கட்டியவர் வீடுகளை ஒவ்வொன்றாக விற்றபோது கீற்றின் மண்ணை ஒன்றில் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார், அல்லது மூலை வீட்டோடு சேர்த்து விற்றார், அல்லது ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் பின்னால் உள்ள துண்டைக் கொடுத்தார். கடைசி வகையில் ஐந்து பேருமே மற்ற நால்வரின் மண்ணில் நடக்கிறார்கள். எந்த வகையானாலும் மண்ணைக் கொடுக்கும்போதே 'மற்ற வீட்டாருக்கு எக்காலமும் நடக்கும் உரிமை உண்டு' என்று ஒரு வரி எழுதுவதுதான் வழக்கம். அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

தேடுவது கடினமல்ல. காணிப் பதிவகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசாங்க இணையதளத்தில் எவரும் எவருடைய வீட்டுப் பதிவேட்டையும் வாங்கலாம், அதில் களவு எதுவும் இல்லை. பதிவேடு 7 பவுண், வரைபடம் 7 பவுண். அதையே பெயர் மாற்றி விற்கும் தரகுத் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், இருபது முப்பது கேட்கும், ஏமாற வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் மூலை வீட்டுக்கும் இரண்டு இரண்டாக வாங்குங்கள். பதிவேட்டில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி. உங்கள் வீட்டுப் பதிவேட்டின் ஏ பகுதியில் உங்களுக்குக் கிடைத்த உரிமைகள் இருக்கும். அண்ணையின் பதிவேட்டின் சி பகுதியில் அவருடைய காணி சுமக்கும் பாரங்கள் இருக்கும். வரைபடத்தில் பாதை பழுப்பு நிறத்திலோ நீலத்திலோ பூசப்பட்டிருந்தால் அந்த நிறத்தைப் பற்றிய குறிப்பு பதிவேட்டில் எங்கோ இருக்கும், விடாமல் வாசியுங்கள். 'இன்ன ஆண்டு உறுதியில் உள்ள உரிமைகளுக்கு உட்பட்டது' என்று மட்டும் போட்டுவிட்டு விவரம் தராமலும் விட்டிருப்பார்கள். அப்படியானால் அந்த உறுதியின் பிரதியையும் அங்கேயே கேட்டு வாங்கலாம். 1900ஆம் ஆண்டையொட்டிய கையெழுத்து உறுதி, நிறுத்தற்குறியே இல்லாத ஆங்கிலம். பொறுமை வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். வரைபடத்தின் சிவப்புக் கோட்டை அளவுகோல் வைத்து அளந்து 'ஒன்றரை அடி என் பக்கம்' என்று கிளம்ப வேண்டாம். நகரப் பகுதிகளில் அது 1:1250 அளவில் வரைந்த படம். 2002ஆம் ஆண்டின் காணிப் பதிவுச் சட்டப்படி அந்தக் கோடு பொதுவான எல்லையைத்தான் காட்டும், அங்குலக் கணக்குக்கு அது ஆகாது. மாரிக்கு மாரி வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் நகர்த்தி நட்ட பரம்பரை நாம். இந்தக் கோட்டை வைத்தும் சாண் பிடிக்க ஆசை வரும்.

அந்த வரி இரண்டு பதிவேட்டிலும் இருந்துவிட்டால் வேலை பெரும்பாலும் முடிந்தது. அண்ணை அதைத் தெரிந்தே வாங்கியவர் ஆகிறார். அவருடைய சொலிசிட்டர் அனுப்பிய பத்திரக் கட்டில் அந்தப் பக்கமும் இருந்திருக்கும். வீடு வாங்கும் மும்முரத்தில் யார் அதை வாசிக்கிறார்கள்? எழுத்தில் உள்ள உரிமை பாவிக்காமல் விட்டதால் இலேசில் அழியாது. 1992இல் ஒரு மேன்முறையீட்டு வழக்கில், 175 வருடம் ஒருவரும் நடக்காத வழியைக்கூட கைவிடப்பட்டது என்று சொல்ல நீதிமன்றம் மறுத்தது. உங்கள் ஏழு மாதம் அதற்கு முன்னால் எம்மாத்திரம்.

வரி இல்லாவிட்டால்? அப்போதுதான் 20 வருடக் கணக்கு. அந்த 20 வருடமும் நீங்களே நடந்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு விற்ற வயதான பெண்மணி எழுபதுகளின் இறுதியிலிருந்து அங்கே இருந்தார் என்று கடிதத்தில் ஒரு மூலையில் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய காலமும் உங்கள் காலமும் இடைவெளியின்றி ஒட்டினால் சேர்த்து எண்ணலாம். அவரோ அவருடைய பிள்ளைகளோ இருந்தால் தேடிப் பிடியுங்கள். இரண்டு வீடு தள்ளி 1981 முதல் இருக்கும் ஆங்கிலத் தம்பதியைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவர்கள் பொன். அவர்கள் இருவரும் கண்டதை, எந்த ஆண்டு, யார், எதற்காக, எத்தனை முறை நடந்தார் என்பதை, உண்மை உறுதிமொழியாக எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் இதற்கென்றே எஸ்டி4 என்று ஒரு படிவம் இருக்கிறது. பழைய படங்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படத்தின் பின்னணியில் திறந்த பின்கேட் ஒன்று தெரிந்து, அதுவே என் கட்சிக்காரருக்குக் கைகொடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

புதிதாக வாங்கியவரைப் பழைய பாவனை கட்டுப்படுத்துமா என்று அவர் தரப்பு கேட்கும். கட்டுப்படுத்தும். பதிவேட்டில் ஏறாத வழியுரிமையாக இருந்தாலும், காணியைப் பார்த்தாலே தெரிகிற பாதை என்றால், அல்லது அவர் வாங்கிய நாளுக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் அந்த வழி பாவனையில் இருந்திருந்தால், அது அவரோடு சேர்ந்தே வருகிறது. வாராவாரம் ஐந்து வீட்டுக் குப்பை பின்னும் அந்த வழியால் உருண்டிருக்கிறது. இதில் உங்கள் பக்கம் பலம்.

பலவீனமான இடம் உங்கள் வாட்ஸ்அப்.

பாவனையால் வரும் உரிமைக்குச் சட்டம் மூன்று நிபந்தனை வைக்கிறது: பலவந்தமாக நடந்திருக்கக் கூடாது, ஒளித்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கி நடந்திருக்கக் கூடாது. மூன்றாவதுதான் நம் ஆட்களுக்குப் புரிய மாட்டேன் என்கிறது. மரியாதையாகக் கேட்டுப் போனவருக்கு உரிமை இல்லை, கேட்காமல் போனவருக்கு உரிமையா? ஆம், அப்படித்தான். கேட்டுப் போகிறவர் 'இது உங்கள் தயவு' என்று ஒத்துக்கொள்கிறார். சொந்தக்காரனைப் போலப் போய்வந்தவருக்குத்தான் காலம் உரிமையாக முதிரும். ஏழு மாதமாக நீங்கள் அனுப்பிய 'அண்ணை, கொஞ்சம் திறந்து விடுவீங்களா' என்ற செய்திகளும், ஒவ்வொன்றின் கீழும் போட்ட 'மிக்க நன்றி'யும் நாளைக்கு அவர் சொலிசிட்டரின் கோப்பில் வரிசையாக அடுக்கப்படும். அவர் திட்டமிட்டுத்தான் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். பலன் ஒன்றுதான்.

இதனால் எல்லாம் போய்விடவில்லை. எழுத்தில் உரிமை இருந்தால் இந்தச் செய்திகளுக்குப் பொருளே இல்லை. இருபது வருடப் பாவனை ஏற்கெனவே நிறைவாகியிருந்தாலும், பின்னால் கேட்ட அனுமதி அதைத் தானாக அழித்துவிடாது, அதை வாதிட வேறு வழி இருக்கிறது. ஆனால் இன்றிலிருந்து அனுமதி கேட்கும் தொனியில் ஒரு செய்தியும் போகக் கூடாது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1832ஆம் ஆண்டின் சட்டப்படி, தடை ஒன்று போட்டது தெரிந்தும் ஒரு வருடம் பேசாமல் இருந்தால் பாவனை அறுந்ததாகிவிடும். பூட்டு விழுந்து ஏழு மாதம். ஆகவே ஆட்சேபம் எழுத்தில் இந்த மாதமே போக வேண்டும். வாயால் சொன்னதும் கோயிலில் முகம் திருப்பியதும் சாட்சியத்துக்கு உதவாது.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை அண்ணையின் பக்கம் நின்றும் சொல்ல வேண்டும். கதவு வைத்ததே குற்றம் என்று நீங்கள் நினைப்பது சரியல்ல. மண்ணின் சொந்தக்காரர் பாதுகாப்புக்காகக் கதவு வைக்கலாம், உங்கள் போக்குவரத்தைக் கணிசமாகத் தடுக்காதவரை. திறக்கச் சுலபமான கதவும், உரிமையுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாவியும் இருந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் அதில் தலையிடாது. திறப்பு ஒருவர் கையிலும் மற்ற நால்வர் அவர் வீட்டு மணியை அடித்துக்கொண்டு நிற்பதும்தான் பிழை. மூலை வீட்டில் இருப்பவருக்குக் களவுப் பயமும் உண்மையானதே, பின்சந்தால் வருகிற கள்ளன் முதலில் அவர் மதிலைத்தான் பார்க்கிறான்.

சமையலறை நீட்டுவது வேறு. அதற்குச் சாவி கொடுத்துச் சமாளிக்க முடியாது, வழியே போய்விடும். 'கவுன்சில் பிளானிங் தந்துவிட்டது' என்று அவர் ஒரு நாள் கடிதம் காட்டினால் கலங்க வேண்டாம். பிளானிங் அனுமதி உங்கள் தனியுரிமையைத் தொடாது, கவுன்சில் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நிலத்துக்குக் கீழும் ஒரு சிக்கல் அவருக்கு இருக்கலாம். இந்த வரிசை வீடுகளில் பொதுக் கழிவு நீர்க் குழாய் பின்பக்கத்தாலேயே ஓடுவது வழக்கம். 2011 அக்டோபர் 1 முதல் பல வீடுகள் பகிரும் அப்படியான குழாய்கள் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்புக்குப் போய்விட்டன, உங்கள் பகுதியில் அது தேம்ஸ் வாட்டர். குழாய்க்கு மூன்று மீற்றருக்குள் கட்டுவதென்றால் அவர்களின் சம்மதம் வேண்டும். பாதையில் மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள். கட்டட வேலை தொடங்கும் அறிகுறி தெரிந்தால் அன்றே சொலிசிட்டரிடம் போங்கள். அத்திவாரம் வெட்டுமுன் தடையுத்தரவு கேட்பது ஒன்று. கூரை போட்ட பிறகு கேட்டால், இடிக்கச் சொல்லாமல் நட்டஈட்டோடு முடித்துவிட நீதிபதிக்கு மனம் வரலாம்.

இனி நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். பின்வளவு அறையில் இரண்டு பெடியன்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோது அண்ணையின் மாற்றம் எங்கே தொடங்கியது என்று எனக்கு ஓர் ஊகம் வந்தது. வந்த புதிதில் நல்ல மாதிரி இருந்தவர் ஏழு மாதத்துக்கு முன் ஏன் பூட்டுப் போட்டார்? அந்தப் பெடியன்கள் எப்போது குடிவந்தார்கள்? இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அவருடைய படுக்கையறை ஜன்னலோடு அறிமுகமில்லாத காலடி கேட்டால் யாரும் கதவு வைப்பார்கள். சட்டமும் இங்கே உங்களுக்கு முழுதாகத் துணை நிற்காது. ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்காகக் கொடுத்த வழி, அந்த வீட்டின் இயல்பான தேவைக்கானது. வளவுக்குள் இன்னொரு குடியிருப்பை உண்டாக்கி அதற்கும் அதையே வாசலாக்கினால், பாரம் கூடிவிட்டது என்று அவர் வாதிடலாம், அந்த வாதத்தில் சாரம் இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, ஈஸ்ட் ஹாமை நிர்வகிக்கும் நியூஹாம் கவுன்சில். நாட்டிலேயே முதன்முதலாக 2013இல் தங்கள் பரோ (நிர்வாகப் பகுதி) முழுவதற்கும் வாடகை வீட்டு லைசன்ஸ் முறையைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பின்வளவு ஷெட்டில் ஆள் வைப்பதைத் தேடிப் பிடிப்பதில் பேர் போனவர்கள். தோட்டத்து அறையைத் தனிக் குடியிருப்பாக வாடகைக்கு விட பிளானிங் அனுமதி வேண்டும். உங்களிடம் அது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால், நீங்கள் வழிக்காகக் கடிதம் அனுப்பிய அடுத்த வாரம் அவர் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பூட்டுச் சண்டையில் வென்று வாடகைச் சண்டையில் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அபராதம் பூட்டின் விலையில் இருக்காது. முதலில் அந்த விஷயத்தைச் சரி செய்யுங்கள். குறைந்தபட்சம், அந்தப் பெடியன்கள் முன்வாசலால் வந்துபோக ஒழுங்கு செய்யுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அயலவர் வழக்கு முழு விசாரணை வரை போனால் ஒவ்வொரு தரப்புக்கும் பல்லாயிரம் பவுண் போகும். தோற்றவர் மற்றவர் செலவிலும் பெரும்பகுதியைச் சுமப்பார். ஒரு மீற்றர் அகலச் சந்துக்காக அடுத்த வீட்டுக்காரர் தன் வீட்டின் மேல் மறுகடன் எடுத்ததைக் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துச் சட்டச் செலவுக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சொலிசிட்டரை அமர்த்துமுன் அவர்களுக்குச் சொல்ல வேண்டும், பிறகு சொன்னால் தர மாட்டார்கள். அண்ணைக்கும் ஒன்று ஞாபகப்படுத்தலாம். வீட்டை விற்கும்போது டிஏ6 என்ற படிவத்தில் அயலவரோடு தகராறு உண்டா என்ற கேள்வி வரும். மறைத்தால் வாங்கியவர் வழக்குப் போடலாம், சொன்னால் வாங்க வருகிறவர் பின்வாங்கலாம். இது உங்களுக்கும் பொருந்தும்.

ஆகவே பதிவேடுகள் கைக்கு வந்ததும் இப்படி ஒரு செய்தி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், திகதியோடு கடிதமாகவும் ஒரு பிரதி ஆங்கிலத்தில் தபாலில் போடுங்கள்:

'அண்ணை, வணக்கம். பின்வழிக் கதவு பூட்டியிருப்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் எங்களுக்கு முன் இருந்தவர்களுக்கும் அந்த வழியால் போய்வரும் உரிமை இருக்கிறது. இதுவரை திறந்து விடச் சொல்லிக் கேட்டது சண்டையைத் தவிர்க்கத்தானே தவிர, அனுமதி கேட்டதாகாது. கதவு இருப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை, ஐந்து வீட்டுக்கும் சாவி வேண்டும். லாண்ட் ரெஜிஸ்ட்ரிப் பதிவேடுகளை எடுத்திருக்கிறோம், உங்களுக்கும் காட்ட விருப்பம். பதினான்கு நாளுக்குள் ஒரு நேரம் சொன்னால் இருந்து பேசலாம்.'

பதிவேட்டில் வரி கிடைத்திருந்தால் 'உரிமை இருக்கிறது' என்ற இடத்தில் அதன் ஆண்டையும் எண்ணையும் சேருங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இதை அனுப்புமுன் ஒரு மணி நேரமாவது ஒரு சொலிசிட்டரிடம் இருந்து பேசுங்கள். ஐந்து வீடும் ஒரே கையிலிருந்து பிரிந்த காலத்தில் எழுதாமலே பிறந்த உரிமை என்று இன்னொரு வகை இருக்கிறது. அதற்குப் பழைய உறுதிகளை ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

பேசப் போகும்போது கோயில் தலைவரையோ ஊர்ச் சங்கத்து ஐயாவையோ நடுவில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் முன்னால் விட்டுக்கொடுத்தவர் ஊர் முன்னால் விட்டுக்கொடுத்தவர் ஆகிவிடுவார், அதனாலேயே இருவரும் இறங்க மாட்டார்கள். அந்த ஆங்கிலத் தம்பதியைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கும் அந்த வழி வேண்டும், உங்கள் ஊர்க் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. அது சரிவராவிட்டால் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் ஒருவரிடம் போகலாம். காணி அளவையாளர்களின் தொழில்முறை அமைப்பான ரிக்ஸ் எல்லைத் தகராறுகளுக்கென்றே அப்படி ஒரு சேவை நடத்துகிறது. மத்தியஸ்தத்துக்கு நியாயமின்றி வர மறுத்தவருக்கு, வழக்கில் வென்றாலும் செலவைத் தர மறுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், சமரச முயற்சிக்குப் போகச் சொல்லி வழக்காளிகளுக்கு உத்தரவிடவே நீதிமன்றத்தால் முடியும் என்றது. அதுவும் ஒரு அயலவர் தகராறுதான். பக்கத்துக் காணியிலிருந்து பரவிய ஜப்பான் நாட்வீட் என்ற களையைப் பற்றியது.

இணக்கம் வந்தால் தேநீரோடு விட்டுவிடாதீர்கள். வாய்ப்பேச்சு உங்கள் இருவரை மட்டும்தான் கட்டும், வீடு கைமாறினால் அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். வழியுரிமை உறுதி ஒன்றை எழுதி இரண்டு பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். அண்ணையின் வீட்டில் அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவைப்படும். எழுதும்போதே அகலம், நடைக்கு மட்டுமா சைக்கிளுக்கும் தள்ளுவண்டிக்கும் சேர்த்தா, கட்டட வேலைச் சாமான் கொண்டுவரலாமா, பாதையின் சீமெந்து உடைந்தால் செலவு எப்படிப் பிரியும் என்பதெல்லாம் உள்ளே வரட்டும். பாதையைத் திருத்திக் கொடுக்கும் கடமை பொதுவாக மண்ணின் சொந்தக்காரருக்கு இல்லை. ஆகவே ஐந்தில் ஒரு பங்கை நீங்களே முன்வந்து ஏற்றால் அவர் மனம் இளகும். பக்கவாட்டில் அவருக்குச் சமையலறை அவ்வளவு அவசியம் என்றால், பாதையைச் சற்று ஒதுக்கி வேறு தடத்தால் விடுவதும் நடக்கக்கூடிய காரியம். அதற்கு வழியுரிமையுள்ள எல்லா வீடுகளும் கையொப்பமிட வேண்டும்.

ஆமைப்பூட்டுக்குப் பதிலாக எண் அழுத்தித் திறக்கும் பூட்டு ஒன்றை ஐந்து வீடும் சேர்ந்து வாங்கலாம். ஐந்து திறப்பு வெட்டத் தேவையில்லை, வாடகைக்கு இருந்தவர் போனதும் எண்ணை மாற்றிவிடலாம். வெயிலிலும் மழையிலும் நிற்கப் போவது என்பதால் மலிவானதை எடுக்க வேண்டாம், முதல் மாரியிலேயே இறுகிவிடும்.

பதிவேட்டின் ஏ பகுதியில் என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். பழைய உறுதியின் கையெழுத்து விளங்காவிட்டால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.